மாண்ட்கமரிக்கு இரண்டு நாள்: அப்பாவையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா?

நாஞ்சில்வாசி

அனைவருக்கும் வணக்கம். அட்லாண்டா புறநகரில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 74, நாகர்கோவில் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். வந்த இரண்டாவது வாரமே, "மார்ட்டின் லூதர் கிங் பஸ் போராட்டம் நடத்திய ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். அலபாமாவின் தலைநகரான மாண்ட்கமரி இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாங்கள் ஒருமுறைகூடப் போனதில்லை.

அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறு போகலாம் என்று இருக்கிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. அப்பாவுக்கு முழங்கால் வலி. தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க மாட்டார். சுத்த சைவம். எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? வெள்ளையர்களின் கும்பல் கொலைகளில் இறந்த கறுப்பின மக்களுக்கு அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறதாம். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாமா என்று என் மனைவி தயங்குகிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்றல்

வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஐ-85 நெடுஞ்சாலையில் நேராக 160 மைல், இரண்டரை மணி நேரம். அலபாமாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் அங்கே ஒன்பதரைக்கு இறங்கிவிடலாம். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரத்தை இழப்பீர்கள், ஆகவே ஞாயிறு மாலை தாமதிக்க வேண்டாம்.

வழியில் டஸ்கீகி வரும். இரண்டாம் உலகப் போரில் பறந்த கறுப்பின விமானிகள் பயிற்சி பெற்ற மோட்டன் ஃபீல்ட் அங்கேதான் இருக்கிறது. ஏழு வயதுப் பையனுக்கு விமானம் என்றால் போதுமே!

அலையோசை

என் அனுபவத்தில் மாண்ட்கமரிக்கு ஒரு பிற்பகல் போதும். வெள்ளையருக்கு பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸின் அருங்காட்சியகம், சட்டமன்றக் கட்டடத்தின் முன் ஒரு படம், அவ்வளவுதான். நகர மையம் வார இறுதியில் வெறிச்சோடிக் கிடக்கும். நாங்கள் மதிய உணவுக்கு நின்றுவிட்டு வளைகுடாக் கடற்கரைக்குப் போய்விட்டோம். சின்னப் பிள்ளைகளையும் பெரியவரையும் வைத்துக்கொண்டு இரண்டு நாளும் துயரமான இடங்களையே சுற்றுவது பாரமாகிவிடும். மனதில் பட்டதைச் சொன்னேன்.

செங்கல்வீதி

அலையோசை அவர்களே, நீங்கள் அக்கறையோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் இதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மாண்ட்கமரியில் பத்து ஆண்டுகளாக வசிக்கிறேன். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு உதிரிபாகம் செய்யும் இடத்தில் வேலையைத் தொடங்கினேன். இங்கே 2005-இல் திறந்த அவர்களுடைய தொழிற்சாலையை நம்பி வந்தேன். முதல் இரண்டு வருடம் நானும் இந்த ஊரை, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சாலை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் டெக்ஸ்டர் அவென்யூவை நடந்து பார்த்தேன். அரை மைல் இருக்கும். ஒரு முனையில் 1885-இல் அமைத்த நீரூற்று. அந்தச் சதுக்கத்தில்தான் அடிமைகளை ஏலம் விட்டார்கள். நீரூற்றை ஒட்டிய வின்டர் கட்டடத்திலிருந்துதான் 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டையைத் தாக்கச் சொல்லித் தந்தி போனது. உள்நாட்டுப் போர் அதில்தான் மூண்டது. அதே சதுக்கத்தில் இன்று ரோசா பார்க்ஸின் சிலை நிற்கிறது. அவர் கைதான நாளான டிசம்பர் 1-ஆம் தேதியிலேயே, 2019-இல் திறந்தார்கள். அவர் தையல் வேலை பார்த்த கடையும் அங்கேதான் இருந்தது.

தெரு மெல்ல மேடாக ஏறும். ஏறி முடிக்கும் முன் வலப்பக்கம் செங்கல் தேவாலயம் ஒன்று வரும், சிறியதுதான். கிங் 1954 முதல் 1960 வரை போதகராக இருந்தது அங்கே. அதன் கீழ்த்தளத்தில் கூடித்தான் பஸ் புறக்கணிப்புக்குத் திட்டம் போட்டார்கள். அதற்கு மேலே சட்டமன்றக் கட்டடம். அதன் முகப்பில் தரையில் பித்தளை நட்சத்திரம் ஒன்று பதித்திருக்கும். 1861 பிப்ரவரி 18 அன்று ஜெஃபர்சன் டேவிஸ், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவராகப் பதவியேற்ற இடம் அது. 104 ஆண்டுகள் கழித்து, 1965 மார்ச் 25 அன்று, கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து 54 மைல் நடந்து வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டவர்களுமாக இருபத்தைந்தாயிரம் பேர் அந்தப் படிகளுக்குக் கீழே திரண்டு நின்று கிங்கின் பேச்சைக் கேட்டார்கள்.

ஏலம் போட்ட இடம், போருக்கு உத்தரவு போன இடம், அந்த அம்மா வேலை பார்த்த இடம், கிங் பிரசங்கம் செய்த இடம், பிரிவினைத் தலைவர் பதவியேற்ற இடம் எல்லாம் ஒரே தெருவில், ஒரே பார்வையில். தனித்தனியாக டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனால் இது பிடிபடாது. நீரூற்றில் தொடங்கி மேல்நோக்கி நடக்க வேண்டும். அப்பாவுக்கு நடுவில் உட்கார்ந்து எழ நேரம் கொடுங்கள். அதனால்தான் இரண்டு நாள் வேண்டும் என்கிறேன்.

நாஞ்சில்வாசி

செங்கல்வீதி அண்ணா, மிக்க நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்தத் தெருவில் என்னை இறக்கிவிட்டால் போதும்" என்றார்.

இனி பிள்ளைகள் விஷயம்.

மல்லிகைப்பந்தல்

என் மகனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அழைத்துப் போனோம். நடந்ததை அப்படியே சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று அடிமை முறையின் வரலாற்றைச் சொல்லும் லெகசி அருங்காட்சியகம். இன்னொன்று குன்றின் மேல் திறந்தவெளியில் ஆறு ஏக்கரில் இருக்கும் நினைவிடம். இரண்டையும் வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் நிறுவிய ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 2018-இல் திறந்தது. ஆற்றங்கரையில் சிற்பப் பூங்கா ஒன்று 2024-இல் சேர்ந்தது. நாங்கள் போனபோது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து டாலர்தான்.

அருங்காட்சியகம் கனமானது. உள்ளே போனதும் சுவர் முழுக்கக் கடல் அலை எழுந்து வரும். அடுத்து இருட்டில் கம்பிக் கூண்டுகள். அருகே போனால் உள்ளே ஒரு பெண்ணின் ஒளியுருவம் தோன்றித் தன் பிள்ளைகளைத் தேடிப் பேசத் தொடங்கும். என் மகன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். வெளியே வந்து வெகுநேரம் பேசவில்லை. இரவு படுக்கும்போதுதான், "அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் கிடைத்தார்களா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். அவனை அழைத்துப் போனதற்கு நான் வருந்தவில்லை. முன்கூட்டியே உட்கார்ந்து பேசாமல் அழைத்துப் போனோமே என்றுதான் இன்றும் வருந்துகிறேன்.

உங்கள் மகளிடம் ஒரு வாரம் முன்பே பேசுங்கள், கட்டாயம் அழைத்துப் போங்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு அருங்காட்சியகம் வேண்டாம். ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. பஸ் போன்ற வண்டியில் உட்கார்ந்து காலத்தில் பின்னோக்கிப் போவது போல அமைத்திருக்கிறார்கள். அவன் அங்கே இருக்கட்டும், பெரியவர்கள் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏடு

மல்லிகைப்பந்தல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மகளிடம் கிளாடெட் கால்வினைப் பற்றிச் சொல்லுங்கள். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, இதே ஊரில் பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான மாணவி. வயது பதினைந்து. பஸ்ஸில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வாங்கித் தந்த வழக்கில் நின்ற பெண்களில் அவரும் ஒருவர். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர் அவர்தான்.

ரோசா பார்க்ஸ் உடல் களைப்பால் எழவில்லை என்று பாடநூல்களில் எழுதுகிறார்கள். அவரே அதை மறுத்திருக்கிறார். விட்டுக்கொடுத்துக் களைத்துப்போனதாகத்தான் சொன்னார். கறுப்பின மக்களின் உரிமைக்கான சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவர் அவர். கைதான அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆசிரியை கல்லூரியில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அச்சிட்டார். 381 நாள் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். கார்களைச் சேர்த்து ஏறும் இடம், இறங்கும் இடம் வகுத்து ஓட்டினார்கள். தேவாலயங்கள் வண்டி வாங்கிக் கொடுத்தன. மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு மூதாட்டி திடீரென்று கோபப்பட்டதால் நடந்த கதை என்று சொன்னால் அத்தனை பேரின் உழைப்பும் காணாமல் போகிறது. அப்போது ரோசா பார்க்ஸுக்கு வயது 42தான்.

கூர்மதி

சட்டமன்றத்துக்கு எதிரே டேவிஸ் 1861-இல் குடியிருந்த வெள்ளை வீடு ஒன்று இருக்கிறது. அனுமதி இலவசம். அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து. மனிதர்களை விற்று வாங்க ஒரு நாடே வேண்டும் என்று கேட்டவரின் கட்டிலையும் நாற்காலியையும் நம் பிள்ளைகள் ஏன் வரிசையில் நின்று பார்க்க வேண்டும்?

செங்கல்வீதி

கூர்மதி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் ஒரு பத்து நிமிடம் போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன், அதுவும் நினைவிடத்தைப் பார்த்த பிறகு. அந்த வீட்டின் சுவர்க் காகிதமும் திரைச்சீலையும் எவ்வளவு அமைதியாக இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இந்த ஊரில் இரண்டு நினைவுகளும் இன்றும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. ஜனவரி மூன்றாம் திங்களன்று அலபாமாவில் அரசு விடுமுறை. கிங் பிறந்தநாளையும், கூட்டமைப்பின் தளபதி ராபர்ட் லீயின் பிறந்தநாளையும் ஒரே நாளில் வைத்திருக்கிறார்கள். ஜெஃபர்சன் டேவிஸ் அவென்யூ என்றிருந்த தெருவுக்கு நகரசபை 2021-இல் ஃபிரெட் கிரேயின் பெயரைச் சூட்டியது. ரோசா பார்க்ஸுக்காக வாதாடிய வழக்கறிஞர் அவர், அந்தத் தெருவில் வளர்ந்தவர். பெயரை மாற்றியதற்காக மாநில அரசு நகரத்துக்கு 25,000 டாலர் அபராதம் விதித்தது. முடிந்துபோன வரலாறு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

கூர்மதி

அபராத விஷயம் எனக்குத் தெரியாது. பெரியவர்கள் போகலாம், ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகளை வெளியே வைத்துக்கொள்வேன்.

மல்லிகைப்பந்தல்

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. அங்கே ஒரு கறியும் மூன்று காய்களும் என்று ஒரு தட்டு தருவார்கள். கறியை விட்டுவிட்டு காய்களை மட்டும் கேட்டு வாங்கலாம். ஆனால் அப்பா சுத்த சைவம் என்றால் கவனம்: கீரையையும் பயறையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பதுதான் அந்த ஊர் வழக்கம். ஒவ்வொன்றையும் கேட்டு வாங்குங்கள், முகம் சுளிக்காமல் சொல்வார்கள். வெண்டைக்காய் வறுவல், சோளரொட்டி, சர்க்கரைவள்ளி பெரும்பாலும் தப்பிக்கும். எதில் பொரித்தது என்று மட்டும் கேளுங்கள். வெண்டைக்காயும் தட்டைப்பயறும் அடிமைகளோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர்கள் என்பதை மகளிடம் சாப்பிடும்போதே சொல்லலாம்.

சாப்பாடு என்றால் ஜார்ஜியா கில்மோரை மறக்கக் கூடாது. பஸ் புறக்கணிப்பின்போது பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமைத்து விற்றுப் பணம் திரட்டிய சமையற்காரம்மா. கொடுத்தவர் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் அந்தக் குழுவுக்கு 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்ற பொருளில் பெயர் வைத்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று சொல்லலாம் அல்லவா!

தென்றல்

ஞாயிறு சிறிய அருங்காட்சியகங்கள் பல திறப்பதில்லை. தெருவையும் ரோசா பார்க்ஸையும் சனியன்று முடித்துக்கொண்டு, நினைவிடத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். தேவாலயத்தைச் சுற்றிப்பார்க்க முன்பதிவு அவசியம். ஹாங்க் வில்லியம்ஸ் பாடல்கள் பிடிக்கும் என்றால் அவருடைய நீல நிற 1952 கேடிலாக் கார் அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இந்தப் பயணத்தில் அதற்கு நேரம் இருக்காது.

ஏடு

நாஞ்சில்வாசி, அப்பா நாகர்கோவில்காரர் என்று இப்போதுதான் கவனித்தேன். அவரிடம் இதைச் சொல்லுங்கள். கிங் அந்தச் செங்கல் தேவாலயத்தில் போதகராக இருந்தபோதுதான், 1959 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்தியாவுக்கு வந்தார். கன்னியாகுமரிக்கும் போனார். ஒரு பக்கம் சூரியன் கடலில் இறங்க, மறுபக்கம் நிலா எழும்புவதை மனைவி கொரெட்டாவோடு பார்த்தார். ஊர் திரும்பி, அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று டெக்ஸ்டர் அவென்யூ பிரசங்க மேடையில் நின்று அந்தக் காட்சியை விவரித்தார். ஓர் ஒளி அணையும்போது இன்னொன்று எழும்புகிறது என்று கொரெட்டாவிடம் சொன்னதையும் சபையில் பகிர்ந்துகொண்டார்.

கேரளத்தில் ஒரு பள்ளியில் அவரைத் தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தியதையும், முதலில் அதிர்ந்து, பிறகு ஆம், நானும் அப்படித்தான் என்று உணர்ந்ததையும் 1965-இல் அட்லாண்டாவில் பேசும்போது நினைவுகூர்ந்தார்.

நாஞ்சில்வாசி

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை நீரூற்றிலிருந்து தேவாலயம் வரை வர அப்பாவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நான்கு முறை உட்கார்ந்தார். தேவாலயத்துக்குள் போனதும் ஏடு எழுதியதைச் சொன்னேன். நடு வரிசையில் ஒரு இருக்கையில் உட்கார்ந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "1959-இல் எனக்குப் பத்து வயதுகூட இல்லை. அந்தக் கடற்கரைக்குத்தான் அப்பா எங்களை வண்டி கட்டி அழைத்துப் போவார்" என்றார். சுற்றிக்காட்டிய அம்மையாரிடம் இதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் வந்து அப்பாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். கிங் குடியிருந்த வீட்டையும் பார்த்தோம். 1956 ஜனவரி 30 இரவு குண்டு வீசிய முன் தாழ்வாரத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கொரெட்டாவும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள் என்றதும் என் மனைவி அங்கேயே நின்றுவிட்டார்.

மாலையில் மாயா லின் வடிவமைத்த கருங்கல் நினைவுச்சின்னம். வட்டக் கல்மேல் உரிமைப் போராட்டக் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள், அவற்றின்மேல் மெல்லிய படலமாகத் தண்ணீர். மகன் ஒரு பெயர்மேல் விரலை வைத்தான். தண்ணீர் விரலைச் சுற்றிப் பிரிந்து ஓடியது. எடுத்தான், சேர்ந்துகொண்டது. அடுத்த பெயரில் வைத்தான். எல்லாப் பெயரையும் தொட்டுவிட்டுத்தான் வருவேன் என்று அடம்பிடித்தான். விட்டுவிட்டோம்.

ஞாயிறு நினைவிடம். பக்கத்து வீட்டில் மடக்குச் சக்கர நாற்காலி கடன் வாங்கிப் போயிருந்தோம். போகிறவர்கள் இதைச் செய்யுங்கள், நடை அதிகம். துருப்பிடித்த எஃகுத் தூண்கள் எண்ணூறுக்கு மேல், கவுண்டிக்கு (நம் மாவட்டம் போல) ஒன்று. 1877 முதல் 1950 வரை கொல்லப்பட்ட நாலாயிரத்து நானூறுக்கும் அதிகமானவர்களின் பெயர்கள். முதலில் தூண்கள் நம் கண் மட்டத்தில் நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை தாழ்ந்துகொண்டே போகிறது. கடைசியில் அவை தலைக்கு மேல் தொங்குகின்றன. நாற்காலியில் இருந்த அப்பாவுக்கு எங்களைவிட முன்பே அவை தலைக்கு மேல் போய்விட்டன என்று மகள் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

அங்கே சுவரில், யார் எதற்காகக் கொல்லப்பட்டார் என்று ஒற்றை வரியில் எழுதியிருக்கிறது. 1940-இல் அலபாமாவின் லூவெர்னில் ஜெஸ்ஸி தார்ன்டன் என்பவர், வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவரை 'மிஸ்டர்' சேர்க்காமல் அழைத்ததற்காகக் கொல்லப்பட்டார். மகள் வாசித்து அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். அப்பா, சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்க உரிமை கேட்டு 1920-களில் நடந்த சத்தியாகிரகத்தைப் பற்றித் தன் அப்பா சொன்னதை அவளுக்குச் சொன்னார். எந்தத் தெருவில் யார் நடக்கக் கூடாது, யாரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்றெல்லாம். எனக்கே அவர் இதைச் சொன்னதில்லை.

மல்லிகைப்பந்தல் அக்கா, அருங்காட்சியகத்துக்கு மகளை நான் அழைத்துப் போனேன், மகன் வெளியே அம்மாவோடு இருந்தான். ஒரு வாரம் பேசியிருந்தோம், தாங்கிக்கொண்டாள். கொலை நடந்த இடங்களிலிருந்து எடுத்த மண்ணைக் கண்ணாடி ஜாடிகளில் அடுக்கி வைத்திருக்கும் சுவர் முன்னால்தான் வெகுநேரம் நின்றாள். ஒவ்வொரு ஜாடியிலும் பெயரும் ஊரும். செம்மண், சாம்பல் நிற மணல், கரிசல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். தாத்தாவிடம் வந்து சொன்னபோது, கரிசலில் பருத்தி விளையும், பருத்திக்காகத்தான் இவர்களைக் கொண்டுவந்தார்கள் என்று அவர் விளக்கினார்.

கூர்மதி, வெள்ளை வீட்டுக்குப் போகவில்லை. நேரம் இருந்தது, ஆனால் அப்பா வேண்டாம் என்றார்.

இன்னொரு உதவி. அப்பா அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார். அதற்குள் செல்மா பாலத்தைப் பார்க்க வேண்டும், நாற்காலி வேண்டாம், நடந்தே கடக்க வேண்டும் என்கிறார். அவரால் முடியுமா?

செங்கல்வீதி

மாண்ட்கமரியிலிருந்து மேற்கே 50 மைல். பாலம் கால் மைலுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் நடுவில் நன்றாக உயர்ந்திருக்கும். உச்சிக்கு ஏறும்வரை மறுமுனை தெரியாது. 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு முதலில் ஊர்வலம் போனவர்களுக்கும் உச்சிக்கு வந்த பிறகுதான் காத்து நின்ற போலீஸ் படை கண்ணில் பட்டது. ஏறும் பாதிதான் முழங்காலுக்குச் சிரமம். காலை வெயிலுக்கு முன் வந்துவிடுங்கள்.

தேதியைச் சொல்லுங்கள், நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் அவரோடு நடங்கள். நான் மறுமுனையில் காரோடு நிற்கிறேன். அப்பா மெதுவாக வரட்டும்.